கடன் முகாமில் கேட்கப்படாத கேள்வி

ஆசிரியருக்கு,

கப்பலூர், கே.புதூர் சிட்கோ பட்டறைகளுக்குக் கடன் என்றாலே பேச்செல்லாம் இயந்திரத்தையும் மானியத்தையும் சுற்றித்தான். சரக்கு வாங்குகிற பார்ட்டி எத்தனை நாளில் பணம் தருவார் என்று யாரும் கேட்பதில்லை. வளர்கிற பட்டறை படுப்பது அந்த இடத்தில்தான்.

மாதம் 10 லட்சத்துக்கு விற்று 90 நாள் கடன் விட்டால் வெளியே நிற்பது 30 லட்சம். புது இயந்திரம் வந்து விற்பனை 15 லட்சமானால் 45 லட்சம். தகடு, கூலி, கரண்ட் பில் எல்லாம் ரொக்கம். பணம் வராத பில்லுக்கும் ஜி.எஸ்.டி. அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். நடைமுறை மூலதனத்துக்கு, அதாவது அன்றாடம் தொழில் ஓடத் தேவையான பணத்துக்கு, வங்கிகள் வைத்திருக்கும் அளவுகோல் ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு சொன்னது: எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் வங்கி, 5 சதவீதம் முதலாளி. மாதம் 15 லட்சம் என்றால் ஆண்டுக்கு 1.80 கோடி; அதற்கு 36-ம் 9-ம் சேர்ந்து 45 லட்சம். அதாவது மூன்று மாதச் சுழற்சிக்குத்தான் காணும். கிடங்கில் இருக்கும் சரக்கை நான் சேர்க்கவே இல்லை. பார்ட்டி 120 நாள் இழுத்தால் 15 லட்சம் துண்டு விழும். போதாக்குறைக்கு, 90 நாள் தாண்டிய பில்லை வங்கி பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை. லிமிட் (கடன் வரம்பு) 36 லட்சம் என்று தாளில் இருக்கும், எடுக்க விடமாட்டார்கள். மீட்டர் வட்டிக்காரர் உள்ளே வருவது அப்போதுதான். இயந்திரத்துக்கு முன்பணத்தை இதே ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) கணக்கிலிருந்து எடுத்தவர் பாடு இன்னும் மோசம்.

2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தர ஒப்பந்தம் எப்படி எழுதினாலும் 45 நாள்தான் கெடு; எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியாக. ஆனால் புகார் கொடுத்தவருக்கு அடுத்த ஆர்டர் யார் தருவார்? கெடுவுக்குள் தராத பாக்கியை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரியில் 2023-இல் 43பி(எச்) என்று சேர்த்த விதி புகாரில்லாமலே வேலை செய்கிறது. ஆனால் அது கடிப்பது மார்ச் 31-இல் நிற்கும் பாக்கியைத்தான். ஜூன் பில்லை டிசம்பரில் தருபவருக்கு வரியில் ஒரு நஷ்டமும் இல்லை.

பில்லை இணையத்தில் ஏலம் விட்டு முன்கூட்டியே பணமாக்கும் டிரெட்ஸ் (TReDS) தளம் உருப்படியான வழி. பட்டறை பில்லை ஏற்றும், வாங்கியவர் ஒப்புக்கொள்வார், வங்கிகள் போட்டியிட்டு வட்டி சொல்லும். கழிவு போக மீதி ஓரிரு வேலைநாளில் கைக்கு வரும். வாங்கியவர் பிறகு ஏமாற்றினாலும் பட்டறையிடம் திரும்பக் கேட்க முடியாது. 250 கோடிக்கு மேல் விற்பனையுள்ள கம்பெனிகள் இதில் சேர 2025 மார்ச் 31 வரை கெடு தரப்பட்டது. சேர்ந்தால் மட்டும் போதுமா? 'தரம் பார்க்கிறோம்' என்று பில்லைக் கிடப்பில் போட்டால் ஏலமே நடக்காது. அதனால் சரக்கு இறக்கிய அன்றே டெலிவரி சலானில் தேதியும் முத்திரையும் வாங்கிவிட வேண்டும். 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், சட்டப்படி இறக்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள்.

கடன் மனுவோடு இயந்திரத்தின் கொட்டேஷனைக் கேட்கும் மேலாளர்கள், முதல் ஐந்து பார்ட்டிகள் போன வருடம் எத்தனையாவது நாளில் பணம் தந்தார்கள் என்ற பட்டியலையும் கேட்கட்டும்.

– தொழிற்கடன் ஆலோசகர், கே.புதூர், மதுரை