கீழக்கரைக்கு ஒரு நன்றி மடல்

கீழக்கரை நடுத்தெரு மக்களுக்கு வணக்கமும் ஸலாமும்.

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொடுத்தவர், அந்த வள்ளலின் கபுரை, அதாவது அடக்கத்தலத்தை, பார்த்ததேயில்லை. முழங்கால் மடங்கும்போதே போய்வர வேண்டும் என்று ஒரே நச்சரிப்பு. இராமநாதபுரத்தில் ரயிலை விட்டிறங்கி பஸ் பிடித்தோம். உங்கள் ஊரில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது.

முதல் நன்றி ஆட்டோக்கார அண்ணனுக்கு. “லுஹர் தொழுகை முடியட்டும்மா, நெரிசலா இருக்கும்” என்று வேப்பமர நிழலில் வண்டியை ஓரங்கட்டினார். “சியாரத்துக்கா, சும்மா பார்க்கவா?” என்று கேட்டார். அடக்கத்தலத்தில் வேண்டிக்கொள்வதுதான் சியாரத். “ரெண்டுக்கும்தான்” என்றார் அப்பா. அதற்குமேல் ஒரு கேள்வி இல்லை. காத்திருந்ததற்குக் காசும் வாங்கவில்லை.

திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த லாத்தாவுக்கு (எங்கள் வழக்கில் அக்கா) எப்படிச் சொல்வது? நான் முந்தானையை இழுத்து இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் மடிப்புக் கலையாத வெள்ளைத் துப்பட்டி ஒன்றை எடுத்துவந்து, அவரே என் தலையில் போர்த்திவிட்டார். திருப்பிக் கொடுக்கப் போனபோது கையில் தொதல் இனிப்புப் பொட்டலம்!

ஜும்மா பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் மோதினார் காக்காவுக்குத்தான் (எங்கள் வழக்கில் அண்ணன்) கடன் அதிகம். அப்பாவின் முழங்கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றினார். கல்தூண்களில் உருவங்கள் கிடையாது, பூவும் கொடியுமாகச் செதுக்கல். “கோயில் மண்டபம் மாதிரியே இருக்கே” என்று அப்பா வியக்க, “கொத்தினது நம்ம ஊர்த் தச்சங்கதானே சார்” என்றார். 1703இல் மறைந்த சதக்கத்துல்லா அப்பா என்ற மார்க்க அறிஞரின் அடக்கத்தலத்தில் நின்று, நபிகளின் வாழ்வை உமறுப் புலவர் பாடிய சீறாப்புராணத்தின் 5027 பாடல்களுக்குப் பின்னால் இந்தப் பெரியவரும் சீதக்காதியும் இருக்கிறார்கள் என்று என் அப்பா எனக்குப் பாடமே நடத்திவிட்டார். காக்கா அவசரப்படுத்தவில்லை.

சீதக்காதியின் கபுர் முன்னால் அப்பா கேட்டார்: “புலவர் அழுதப்போ கபுருக்குள்ளேருந்து மோதிரக் கை வெளியே வந்ததுன்னு சொல்வாங்களே, இங்கேதானா?”

காக்கா சிரித்தார். “அது கதை சார். பஞ்சத்துல சோறு போட்டாரே, அதைச் சொல்லுங்க.”

பொன்னுக்கு நிகராக நெல் விற்ற பஞ்சத்தைப் படிக்காசுப் புலவர் பாடிய பாட்டை அப்பா எடுத்தார். நடுவில் தொண்டை அடைத்தது. மிச்ச அடியைக் காக்கா பாடி முடித்தார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததாம். பெற்ற மகள் நான், எனக்கு அது வரவில்லை.

அவர் குர்ஆனின் பாத்திஹா அத்தியாயத்தை ஓதியபோது அப்பா கைகூப்பி நின்றார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் தெரியவில்லை.

அன்று எடுத்த படங்களைப் பிரதி போட்டு, மோதினார் காக்கா பார்வைக்கென்று பள்ளிவாசல் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். லாத்தா வீட்டுப் பிள்ளைகள் ஆட்டோவில் ஏறி நின்று எடுத்துக்கொண்ட படமும் அதில் உண்டு, தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். அப்பாவின் அடுத்த நச்சரிப்பு எட்டயபுரம். உமறுப் புலவர் அடங்கிய ஊராயிற்றே, தை பிறந்ததும் கிளம்புகிறோம்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியரின் மகள்