பயணத்துக்கு என்று விற்ற மூன்று லெப்டொப்கள்: முறைப்பாடு

ஹட்டன்

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

கடந்த மாதம் உங்கள் கண்டிக் கிளையில் எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்காக ஒரே மொடலில் மூன்று லெப்டொப் வாங்கினோம். தோட்டங்களுக்கும் கொழும்புக்கும் போய் வந்தபடி எழுதும் வேலை என்று சொல்லித்தான் கேட்டோம். கிளையில் தந்த விளம்பரத் தாளில் 54 வாட்-மணி கொள்ளளவுள்ள பெட்டரி, டைப்-சி வழியாக 65 வாட் சார்ஜ், 11 மணித்தியாலப் பாவனை என்று இருந்தது.

விண்டோஸின் பெட்டரி அறிக்கையை மூன்றிலும் எடுத்துப் பார்த்தோம். வடிவமைப்புக் கொள்ளளவே, அதாவது புதிதாக இருக்கும்போது பெட்டரி தாங்கும் அளவே, 41 வாட்-மணி. பெட்டரி தேய்ந்தால் முழுச் சார்ஜ் அளவுதான் இறங்கும், வடிவமைப்பு அளவு இறங்காது. எனவே இதைப் பழுது என்று சொல்ல முடியாது; பொருத்தியிருப்பதே வேறு பெட்டரி. ஒரே மொடல் பெயரில் சிறிய பெட்டரி, பெரிய பெட்டரி என இரண்டு வகை வருவது வழக்கம்தான். அடிப்பக்க ஸ்டிக்கரிலுள்ள முழு மொடல் இலக்கத்தைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பெரியதன் தாளைக் காட்டிச் சிறியதைக் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள்.

திரை வெளிச்சம் பாதியில், வைஃபை இல்லாமல், எழுத்து வேலை மட்டும் செய்தால் சராசரி 7.5 வாட் இழுக்கிறது. 41 வாட்-மணிக்கு அது ஐந்தரை மணித்தியாலம். 54 இருந்திருந்தால் ஏழுக்கு மேல் வரும். (11 என்பதை நாங்கள் முதலிலேயே நம்பவில்லை. வெளிச்சத்தைக் குறைத்து வீடியோ ஓடவிட்டு எடுக்கும் கணக்கு அப்படித்தான் வரும்.) பதுளையில் ரயில் ஏறினால் கொழும்புக் கோட்டைக்கு ஒன்பது, பத்து மணித்தியாலம். மூன்றாம் வகுப்பில் பிளக் எங்கே இருக்கிறது?

அதற்காகத்தான் டைப்-சி சார்ஜ் கேட்டோம். 20,000 மில்லி அம்பியர்-மணி பவர்பேங்க் என்றால் 74 வாட்-மணி. மின்னழுத்த மாற்றத்தில் போவது போக 60 அளவில் கைக்கு வரும். ஆனால் இந்தக் கணினிகளின் டைப்-சி துறையில் (வயர் செருகும் இடத்தில்) சார்ஜ் ஏறவே இல்லை. 65 வாட் சார்ஜர், 5 அம்பியர் வயர் இரண்டையும் வேறு லெப்டொப்பில் போட்டோம், ஏறியது. மூன்று கணினியிலும் ஒரே நிலை, துறையின் பக்கத்தில் மின்னேற்றக் குறியும் இல்லை. அது தரவுக்கு மட்டுமான துறை.

பயோஸ் என்ற, கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்தால் சரியாகும் என்றது கிளை. செய்தோம், மாற்றமில்லை. போர்டில் சார்ஜ் சுற்றோடு இணைக்காத துறைக்கு மென்பொருள் என்ன செய்யும்? பிறகு டைப்-சியிலிருந்து வட்டமுனைக்கு மாற்றும் வயர் ஒன்றை வாங்கச் சொன்னார்கள். அது 20 வோல்ட் தரும். பெட்டியில் வந்த வட்டமுனைச் சார்ஜரில் 19 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. அந்த வயரால் போர்டு போனால் உத்தரவாதம் செல்லும் என்று எழுதித் தருவீர்களா எனக் கேட்டோம். பதில் இல்லை.

ப்ரோசஸர், கீபோர்ட் இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தாளில் சொன்ன பெட்டரியும் டைப்-சி சார்ஜும் உள்ள மூன்று கணினிகளை மாற்றித் தர வேண்டும், அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். பழைய பெட்டரியைக் கழற்றிப் பெரியதைப் போடுவது எங்களுக்குத் தீர்வல்ல, சார்ஜ் துறை அப்படியேதான் இருக்கும். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவோம். பில், விளம்பரத் தாள், மூன்று பெட்டரி அறிக்கைகள் ஆகியவற்றின் பிரதிகளை இத்துடன் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கொள்வனவுப் பொறுப்பாளர்கள்