முதலில் படத்தைக் காட்டுங்கள், அப்புறம் ஓட்டுக் கேளுங்கள்

எங்கள் திரைப்படச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 'மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் தலைசிறந்த படம் எது?' என்று போன ஞாயிறு நீங்கள் நடத்திய விவாதம் பற்றித்தான் இந்த மடல். அங்கே நடந்ததை உங்களுக்கே விவரிக்க வேண்டியதில்லை. முடிவை அறிவிக்கும் முன் ஒரே ஒரு வேண்டுகோள்: படங்களை முழுசாக, கண்ணுக்கும் காதுக்கும் எட்டும்படி திரையிடுங்கள். அதன்பிறகு வாக்கெடுப்பை வையுங்கள்.

'அக்ரகாரத்தில் கழுதை'யிலிருந்து கொஞ்சம் போட்டுக் காட்டினீர்கள். அந்தப் படத்தில் உமா வாய் பேசாத பெண். அன்று உங்கள் ஒலிபெருக்கியின் தயவில் பேராசிரியர், அர்ச்சகர், ஊர்ப் பெரியவர்கள் எல்லோருமே வாய் பேசாதவர்கள் ஆகிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த இளைஞர் ஒருவர், "இது மௌனப் படமா சார்?" என்று கேட்டார். எம்.பி. சீனிவாசன் இசையமைத்து, பேராசிரியராக நடித்தும் இருக்கிற படம் அது! போதாததற்கு, கழுதையை அடித்துக் கொல்வதோடு நிறுத்திவிட்டீர்கள். கொன்ற ஊரே பிறகு அந்தக் கழுதைக்குக் கோயில் கட்டக் கிளம்புகிறதே, அது இல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி என்ன பேசுவது?

'அம்மா அறியான்' பாடு இன்னும் மோசம். கறுப்பு வெள்ளைப் படம், மலையாள வசனம், கீழே வெள்ளை எழுத்தில் ஆங்கில வரிகள். படம் நெடுக வேட்டி கட்டிய ஆட்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். வேட்டி வரும்போதெல்லாம் எழுத்து காணாமல் போனது. இறந்துபோன ஹரியின் அம்மாவிடம் செய்தி சொல்ல, வயநாட்டிலிருந்து கொச்சிவரை நண்பர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டே போகிறார்கள் என்பதுகூடப் பலருக்குப் புரியவில்லை. ஆனாலும் வாக்குச்சீட்டு மட்டும் கைக்குக் கை சரியாக வந்து சேர்ந்தது.

அந்தச் சீட்டிலும் இரண்டே பெயர்கள். மனிதர் எடுத்த முழுநீளப் படங்களே நான்குதான். 'செறியாச்சன்டெ க்ரூரகிருத்யங்கள்' (1979) எங்கே போயிற்று? நகைச்சுவைக்கே பேர்போன அடூர் பாசியை, குற்ற உணர்ச்சியில் நடுங்கும் நிலப்பிரபுவாக மாற்றிய படம். அதைப் பார்க்காமலே தள்ளிவிட்டீர்களா, பார்த்துவிட்டுத் தள்ளினீர்களா என்றாவது சொல்லியிருக்கலாம்.

என் ஓட்டு கழுதைக்குத்தான், அதை மறைக்கவில்லை. 'அம்மா அறியான்' பெரிய படம். சில இடங்களில் பேச்சு படத்தை முந்துகிறது என்பது என் எண்ணம். கழுதையில் கோபம் முழுக்கச் சிரிப்பாக மாறியிருக்கிறது, அது கடினமான வேலை. இதற்கு மறுப்புச் சொல்ல ஆள் வேண்டும் என்றுதான் அன்று வந்தேன். கிடைத்ததெல்லாம் ஜானின் குடிக்கதைகள். எந்தத் திண்ணையில் படுத்தார், யாரிடம் கடன் கேட்டார் என்று ஒன்றரை மணி நேரம். கதைகள் சுவையாகத்தான் இருந்தன, வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு வாக்கெடுப்பு வையுங்கள்.

நம் ஊர் வழக்கமே இதுதான் போலிருக்கிறது. 1977-க்கான சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது வாங்கிய படத்தை அன்றைக்கே சரியாகக் கண்டுகொள்ளவில்லை. இன்றைக்குப் பாதி பார்த்துவிட்டு மார்க் போடுகிறோம். 'அம்மா அறியான்' எடுக்க, ஜானும் நண்பர்களும் சேர்ந்த ஒடேசா திரைப்படக் குழுவினர் ஊர் ஊராகப் போய்ப் படம் திரையிட்டு, மக்களிடம் காசு திரட்டினார்கள். அவர்கள் திரையைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். நம்மிடம் அரங்கமே இருக்கிறது, ஒலிபெருக்கியைச் சோதிக்கத்தான் ஆளில்லை.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சந்தா கட்டும் உறுப்பினனாகப் பணிவுடன் கேட்கிறேன்: வாக்கெடுப்பைத் தள்ளிவையுங்கள். நல்ல பிரதிகளை வரவழைத்து, செறியாச்சனையும் சேர்த்து மூன்று படங்களையும் முழுசாகக் காட்டுங்கள். மலையாளப் படங்களுக்குத் தமிழில் வசன வரி போட ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.

இப்படிக்கு,
இன்னும் சீட்டைத் திருப்பித் தராத ஓர் உறுப்பினன்