இணையதள வருகைக் கணக்கு யார் பொறுப்பில் இருக்க வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சங்கம், சிற்றிதழ், பள்ளி, சிறு வணிகம் என எதற்காக ஓர் இணையதளத்தை நடத்தினாலும், அதற்கு எத்தனை பேர் வருகிறார்கள், எந்தப் பக்கங்களைப் படிக்கிறார்கள் என்று அறிய ஒரு பகுப்பாய்வுக் கருவியைப் பொருத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. அந்தக் கருவியைச் சொந்த சர்வரில் நிறுவி நாமே நடத்துவதா, ஒரு நிறுவனம் நடத்தித் தரும் சேவையில் சேர்வதா என்ற கேள்வி எழும்போது, பேச்சு பெரும்பாலும் கட்டணத்திலும் தனியுரிமையிலும் நின்றுவிடுகிறது. இரண்டும் முக்கியமானவையே. ஆனால் ஐந்தாண்டுகள் கழித்து அந்தக் கணக்கைத் திறந்து படிக்கக்கூடிய நிலையில் யார் காத்து வைத்திருப்பார்கள் என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

இந்தக் கேள்வி கற்பனையானது அன்று. கூகுள் நிறுவனம் 2005இல் அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கி, அதன் மென்பொருளை அதே ஆண்டு நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் இலவசமாக வழங்கத் தொடங்கியது. அதன் யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் என்ற பதிப்பு, இலவசமாகப் பயன்படுத்தியவர்களுக்கு 2023 ஜூலை 1 முதல் புதிய வருகைகளைப் பதிவதை நிறுத்தியது. 2024 ஜூலையில் பழைய அறிக்கைகளைப் பார்க்கும் வழியும் மூடப்பட்டது. முன்னறிவிப்பு 2022 மார்ச்சிலேயே தரப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும், வருகை அமர்வுகளை (ஒருவர் ஒருமுறை வந்து தளத்தில் இருக்கும் நேரத்தை) அடிப்படையாகக் கொண்ட பழைய கணக்கு, நிகழ்வுகளை (பக்கத்தைத் திறப்பது, சொடுக்குவது போன்ற ஒவ்வொரு செயலையும்) அடிப்படையாகக் கொண்ட புதிய பதிப்புக்கு மாற்றித் தரப்படவில்லை. அந்த அவகாசத்துக்குள் தரவைப் பதிவிறக்கி வைத்தவர்களிடம் மட்டுமே பழைய ஆண்டுகளின் வரலாறு எஞ்சியது. இலவசமாகக் கிடைக்கும் புதிய பதிப்பிலும் தனித்தனிப் பயனர் அளவிலான தரவு இயல்பாக 2 மாதங்களும், அமைப்பை மாற்றினால் அதிகபட்சம் 14 மாதங்களுமே வைக்கப்படுகிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் பிக்குவெரி போன்ற வேறொரு தரவுத்தளத்துக்கு நாமே ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும்.

இதைக் காட்டி, எல்லோரும் சொந்த சர்வருக்கு மாறுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. அந்த அறிவுரையோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு மென்பொருளை நிறுவுவது ஒரு மாலைப்பொழுதின் வேலை. அதைப் பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருப்பது முற்றிலும் வேறு வேலை. 2007இல் பிவிக் என்ற பெயரில் தொடங்கி 2018இல் பெயர் மாறிய மட்டோமோ என்ற பகுப்பாய்வுக் கருவியை எடுத்துக்கொள்வோம். பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட அந்த மென்பொருள், ஒவ்வொரு வருகையையும் மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி தரவுத்தளத்தில் தனித்தனியாகப் பதிந்து, பின்னர் அவற்றைத் தொகுத்து அறிக்கையாக்குகிறது. வருகை கூடும்போது, இந்தத் தொகுப்பு வேலையை யாரோ ஒருவர் அறிக்கையைத் திறக்கும் நேரத்துக்கு விட்டுவைக்காமல், குறித்த இடைவெளியில் தானாக ஓடும்படி சர்வரில் அமைக்க வேண்டும். அமைக்காவிட்டால் அறிக்கைப் பக்கம் நகராமல் நின்றுவிடும். பழைய பதிவுகளை எப்போது அழிப்பது என்று முடிவு செய்யாவிட்டால் வட்டு நிரம்பும். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து தரவை மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்துப் பார்க்கவும் வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வருகையைப் பதியும் முகவரி உலகில் உள்ள எல்லா வாசகர்களுக்கும் திறந்திருந்தாக வேண்டும் என்பதால், இந்த மென்பொருளை உள்வலையமைப்புக்குள் முழுமையாக மறைத்து வைக்க இயலாது; நிர்வாகப் பக்கத்துக்கு மட்டுமே தடை போட முடியும். அதைவிடக் கவலைக்குரியது, பகுப்பாய்வு ஸ்கிரிப்ட், அதாவது வருகையைப் பதியும் சிறு நிரல், தளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இயங்குகிறது என்பது. அதை வழங்கும் சர்வர் தவறான கைகளில் சிக்கினால், கணக்கு மட்டுமன்றி, தளத்துக்கு வரும் ஒவ்வொருவரும் ஆபத்துக்கு உள்ளாகிறார்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியானவுடன் அவற்றை நிறுவ ஆள் இல்லாத இடத்தில், சொந்த சர்வர் என்பது தன்னாட்சியாக இராமல் கவனிப்பாரற்ற திறந்த வாசலாகிவிடுகிறது.

எல்லாக் கருவிகளும் இத்தனை பாரமானவை அல்ல. கோட்கவுன்டர் ஒரே நிரல்கோப்பாக இயங்கி, சிறிய எஸ்கியூலைட் தரவுத்தளத்தோடு திருப்தியடைந்துவிடும். கோஅக்சஸ் பக்கத்தில் எந்த ஸ்கிரிப்டும் சேர்க்காமல் சர்வர் தன்னிடம் வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் குறித்துவைக்கும் பதிவேட்டையே படிக்கிறது. ஆனால் அந்தப் பதிவேட்டில் மனிதர்களோடு தானியங்கி நிரல்களின் வருகையும் கலந்திருக்கும், பக்கங்களின் நகலை வைத்திருந்து இடையில் நின்று தரும் கேஷ் சேவை தானே வழங்கிவிட்ட பக்கங்கள் அதில் இடம்பெறாமலும் போகும். பிளாசிபிள் என்ற கருவியின், நாமே நிறுவிக்கொள்ளும் சமூகப் பதிப்புக்கோ போஸ்ட்கிரெஸ், கிளிக்ஹவுஸ் என இரண்டு தரவுத்தளங்கள் வேண்டும். அந்நிறுவனமே நடத்தும் சேவையில் உள்ள சில வசதிகளும் அந்தப் பதிப்பில் இல்லை.

தனியுரிமை குறித்துப் பரவலாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. தரவு நம் சர்வரில் இருந்தாலே வாசகரின் தனியுரிமை காக்கப்பட்டுவிடும் என்பது உண்மையன்று. 2022இல் ஆஸ்திரியா, பிரான்ஸ், இத்தாலி ஆகிய நாடுகளின் தரவுப் பாதுகாப்பு அமைப்புகள் கூகுள் அனலிட்டிக்ஸ் பயன்பாட்டுக்கு எதிராக முடிவெடுத்தபோது, தரவு அமெரிக்காவுக்குச் செல்வதே சிக்கலாக இருந்தது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள சொந்த சர்வர் அந்தச் சிக்கலைத் தவிர்க்கும் என்பது சரியே. ஆயினும் வாசகரின் இணைய இணைப்பைக் காட்டும் முழு ஐபி முகவரியையும், அவரது பிரவுசரில் அடையாளமாக வைக்கப்படும் நீண்டகாலக் குக்கீயையும் சேமிக்கும் கணக்கு, எந்த சர்வரில் இருந்தாலும் தனிநபர்த் தரவாகவே இருக்கும். மட்டோமோவில் ஐபி முகவரியின் ஒரு பகுதியை மறைக்கவும், குக்கீ இல்லாமல் இயங்கவும் அமைப்புகள் உண்டு. பிளாசிபிள் குக்கீயே வைப்பதில்லை. ஐபி முகவரியையும் பிரவுசர் விவரத்தையும் நாள்தோறும் மாறும் ஒரு ரகசிய எண்ணோடு கலந்து அடையாளமாக்குவதால், இன்று வந்தவர் நாளை வந்தால் புதியவராகவே எண்ணப்படுகிறார். மாதக் கணக்கில் தனித்த வாசகர் எண்ணிக்கை கூடித் தெரியும். அது வாசகரை நாம் பின்தொடராமல் இருப்பதற்கான விலை, மனமுவந்து கொடுக்கத் தக்க விலையும்கூட.

பொறுப்பேற்க ஒருவரும், அவர் விலகினால் தொடர இன்னொருவரும் இல்லாத அமைப்பு, கட்டணம் செலுத்தும் நிர்வகிக்கப்பட்ட சேவையையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் துணிபு. அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. மட்டோமோ, பிளாசிபிள், உமாமி ஆகியவற்றைப் போல, அதே மென்பொருள் திறமூலமாகவும், அதாவது யாரும் எடுத்து நிறுவிக்கொள்ளும்படி மூலநிரலோடும், கிடைக்க வேண்டும். அப்போதுதான் பின்னாளில் சொந்த சர்வருக்குப் பெயர்வதற்கு வழி இருக்கும். ஏற்றுமதி வசதி உண்டு என்ற விளம்பர வரியோடு திருப்தியடையாமல், சேரும் முன்பே சோதனைக் கணக்கிலிருந்து தரவை இறக்கிப் பார்க்க வேண்டும். பல சேவைகள் தருவது நாள்வாரியான கூட்டுத்தொகை மட்டுமே. ஒவ்வொரு வருகையின் மூலப்பதிவும் வேண்டுமென்றால் அது தனியே கிடைக்கிறதா என்று கேட்டறிய வேண்டும். கட்டணம் பெரும்பாலும் மாதப் பக்கப் பார்வைகளின் அளவைப் பொறுத்தது என்பதால், ஒரு கட்டுரை திடீரெனப் பரவும் மாதத்தில் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

இதற்கு நான் ஏற்கும் விலக்கு ஒன்று உண்டு. நோய், சட்ட உதவி, குடும்ப வன்முறை போன்றவற்றைப் பற்றிய தளங்களில், ஒருவர் திறந்த பக்கத்தின் முகவரியே அவருடைய துயரத்தைச் சொல்லிவிடும். அத்தகைய தகவலை மூன்றாம் தரப்பிடம் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அங்கே பராமரிப்புச் செலவை ஏற்றுச் சொந்த சர்வரில் கணக்கை வைக்க வேண்டும். அதற்கு இயலாதவர்கள் பக்கவாரியாகக் கணக்கெடுப்பதையே கைவிட வேண்டும்.

சொந்த சர்வர், நிர்வகிக்கப்பட்ட சேவை என எதற்கு மாறினாலும் பழைய கருவியையும் புதியதையும் சில வாரங்கள் ஒருசேர ஓடவிடுவது அவசியம். விளம்பரத் தடுப்பான்கள் ஒரு ஸ்கிரிப்டைத் தடுத்து மற்றொன்றை அனுமதிக்கலாம். ஒரே தளத்துக்கு இரண்டு கருவிகள் ஒரே எண்ணைக் காட்டுவது அரிது. எவ்வளவு வேறுபடுகிறது என்பது தெரிந்தால்தான் சென்ற ஆண்டின் கணக்கை இந்த ஆண்டின் கணக்கோடு ஒப்பிட முடியும்.

தங்கள் நாளிதழின் இணையதளத்தில் எந்தப் பகுப்பாய்வுக் கருவி இயங்குகிறது, வாசகரைப் பற்றி அது எவற்றைப் பதிகிறது, எத்தனை காலம் வைத்திருக்கிறது என்பதை எளிய தமிழில் ஒரு பக்கமாக வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்