நாய் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், மண்டபம், வேதாளை, உச்சிப்புளி, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி ஆகிய ஊர்களிலிருந்து காலையிலேயே வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் என் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று இல்லாத நாயைத் திடலுக்குள் விடுவதில்லை என்ற முடிவை ஆண்டு முழுவதும் ஒரு முறைகூடத் தளர்த்தவில்லை. ஊசி போட வந்த கால்நடை மருத்துவருக்கும் உதவியாளர்களுக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வளவுதான் வழக்கமான சேதி. மீதி நேரத்தை ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும். இந்த ஆண்டு நடந்த ஆறு தடை ஓட்டப் போட்டிகளிலும், அதாவது அஜிலிட்டி போட்டிகளிலும், எனக்கு வந்த புகார்களில் முக்கால்வாசி புள்ளியைப் பற்றியும் தரவரிசையைப் பற்றியும்தான். புகார் சொன்னவர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. முறையை நாங்கள் சரியாக விளக்கவில்லை. ஒரு விஷயத்தில் முறையே சரியில்லை.

பலர் கேட்ட முதல் கேள்வி இது: "நல்லா ஓடினா மார்க் போட வேண்டியதுதானே, எதுக்குத் தப்பை மட்டும் எண்ணுறீங்க?" இந்த விளையாட்டு பிறந்த விதத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. 1978-ல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் கூட்டத்தை உட்கார வைக்க ஒரு காட்சி தேவைப்பட்டது. குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து அதேபோல நாய்களுக்கு அமைத்தார்கள். குதிரைப் போட்டியில் கம்பைத் தட்டினால் பிழை, நின்றுவிட்டால் பிழை, பிழை குறைந்தவருக்கு முதலிடம். அந்தக் கணக்கு அப்படியே நாய்க்கும் வந்துவிட்டது. அதனால் இங்கே பூஜ்யம்தான் உச்சம். எண் ஏற ஏற இடம் கீழே போகும்.

நாம் பின்பற்றுவது எஃப்.சி.ஐ. என்கிற உலக நாய் வளர்ப்பு அமைப்பின் விதி. அதில் ஒவ்வொரு பிழைக்கும் ஐந்து புள்ளி. கம்பு விழுந்தால் ஐந்து. தடைக்கு முன்னால் நின்றாலோ, தாண்டாமல் பக்கவாட்டில் விலகி ஓடினாலோ அது மறுப்பு, அதற்கும் ஐந்து. ஏ ஃபிரேம் என்கிற கூரை போல் சரிந்த பலகை, பாலம், சீசா இந்த மூன்றிலும் அடிப்பகுதியில் வேறு நிறம் பூசியிருக்கிறோம் அல்லவா, அந்த இடத்தில் நாயின் ஒரு பாதமாவது பட வேண்டும். படாமல் குதித்தால் ஐந்து. மேலிருந்து பாய்ந்து காலை ஒடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது, அழகுக்காக அல்ல. மூன்று மறுப்பு ஆனால் தகுதிநீக்கம். தடையை வரிசை மாறித் தாண்டினாலும் தகுதிநீக்கம். கூட ஓடுபவர் கையில் தீனியோ பந்தோ இருக்கக் கூடாது.

அடுத்தது நேரம். நடுவர் தடத்தின் நீளத்தை அளந்து, தான் எதிர்பார்க்கும் வேகத்தால் வகுத்து ஒரு நேரம் குறிப்பார். நம் தடம் 160 மீட்டர், வேகம் நொடிக்கு 4 மீட்டர் என்று வைத்தால் குறித்த நேரம் 40 நொடி. அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு நொடிக்கும் ஒரு புள்ளி, நூறில் ஒரு பங்கு வரை கணக்கு. 43.26 நொடியில் ஒரு தப்பும் இல்லாமல் முடித்த நாய்க்கு 3.26 புள்ளி. 36.50 நொடியில் பறந்து வந்து ஒரே ஒரு கம்பைத் தட்டிய நாய்க்கு 5 புள்ளி. ஏறக்குறைய ஏழு நொடி பிந்தி வந்த நாய்தான் முந்திய இடம் பெறும். இதை ஏற்க மனம் வராமல் ஒருவர் ஸ்டாப்வாட்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாட்சில் கோளாறு இல்லை ஐயா. நேரத்துக்குள் வந்துவிட்டால் அப்புறம் வேகத்துக்குத் தனிச் சலுகை கிடையாது. மொத்தம் சமமானால் தடத்தில் செய்த பிழை யாருக்குக் குறைவு என்று பார்ப்போம், அதுவும் சமமானால்தான் யார் வேகம் என்று பார்ப்போம். 45 நொடியில் சுத்தமாக வந்த நாயும், குறித்த நேரத்துக்குள் வந்து ஒரு கம்பைத் தட்டிய நாயும் ஐந்து ஐந்து புள்ளிதான், ஆனால் சுத்தமாக வந்ததுதான் மேலே.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இன்னொன்று. எத்தனையாவது இடம் என்பது வேறு, தகுதித்தரம் வேறு. மொத்தப் பிழைப்புள்ளி 6-க்குக் கீழே இருந்தால் மிகச் சிறப்பு, 6 முதல் 16-க்குள் மிக நன்று, 16 முதல் 26-க்குள் நன்று. அதற்கு மேல் தரம் கிடையாது. கடைசி இடத்தில் வந்த நாய்கூட மிகச் சிறப்பு வாங்கலாம், முதலிடம் பெற்ற நாய்க்குத் தரமே இல்லாமலும் போகலாம். எனவே உங்கள் நாய் முன்னேறுகிறதா என்று பார்க்கத் தரத்தைப் பாருங்கள். இடம் என்பது அன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்பதைப் பொறுத்தது.

உயரப் பிரிவிலும் குழப்பம் இருந்தது. தோள்மேட்டு உயரம் 35 செ.மீ.க்குக் கீழ் சிறியது, 35 முதல் 43-க்குள் நடுத்தரம், 43 முதல் 48-க்குள் இடைநிலை, 48-ம் அதற்கு மேலும் பெரியது. இடைநிலைப் பிரிவு பின்னால் வந்தது. அதற்கு முன்பு 44 செ.மீ. நாயும் 60 செ.மீ. நாயும் ஒரே உயரக் கம்பைத் தாண்ட வேண்டியிருந்தது. நம்மிடம் இருக்கும் மண்டை நாய், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்கள் எல்லாம் நெட்டைக் கால், பெரிய பிரிவுதான். அந்தப் பிரிவுக்கு 55 முதல் 60 செ.மீ. வரை கம்பு வைக்கலாம். நம் திடல் மணல் என்பதால் 55-க்கு மேல் ஏற்றவில்லை. மணலில் பாதம் புதையும், எம்பும் வேகம் குறையும். பதினெட்டு மாதம் நிரம்பாத குட்டிகளைப் போட்டியில் சேர்க்க மறுத்ததும் விதிப்படிதான். எலும்பு முற்றாமல் தாண்ட விட்டால் ஆயுளுக்கும் நொண்ட நேரலாம்.

நம் நாய்கள் கண்ணால் பார்த்து விரட்டும் சாதி. நேர்கோட்டில் விட்டால் அவற்றை எட்டிப் பிடிக்க ஆளில்லை. வரிசையாக நட்ட பன்னிரண்டு கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகச் சொன்னால்தான் திணறும். கம்புக்கும் கம்புக்கும் இடையே 60 செ.மீ.தான், முதல் கம்பு நாயின் இடப்பக்கம் இருக்கும்படி நுழைய வேண்டும். உலகப் போட்டிகளில் பார்டர் காலி நாய்கள் முன்னால் நிற்பதற்குக் காரணம் கால் வேகம் மட்டுமல்ல. அவை ஆட்டு மந்தையை மடக்கப் பழகிய நாய்கள், மனிதன் சொல்லுக்குச் சட்டென்று திரும்பும். ஆனால் போன ஆனி மாதம் ஏர்வாடியிலிருந்து வந்த கன்னி ஒன்று பன்னிரண்டு கம்பையும் ஒரு நெளிவு தவறாமல் கடந்து வந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அதன் சொந்தக்காரர் வீட்டு வாசலில் சவுக்குக் கம்பு நட்டு, ஆறு மாதம் தினமும் காலையில் பழக்கியிருக்கிறார். அன்றைக்குத் திடலில் ஒரு சத்தம் இல்லை. கடைசிக் கம்பைத் தாண்டியபின்தான் கைதட்டினார்கள்.

கச்சான் காற்று, அதாவது மேல்காற்று, வீசிய ஒரு போட்டி நாளில் கம்புகள் தானாக விழுந்தது பற்றியும் சொல்ல வேண்டும். நாய் வருவதற்கு முன்பே காற்றில் விழுந்தால் அது நாயின் கணக்கில் சேராது. ஆனால் நாய் தாண்டும் அதே நொடியில் விழுந்தால் நடுவர் கண்ணுக்குப் பட்டதுதான் முடிவு. இனி கச்சான் காலத்தில் போட்டியைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடலாம் என்பது என் எண்ணம். வெயிலுக்கும் அதுதான் நல்லது.

மூன்றாவது போட்டியில் நடந்த தவறுக்கு நான்தான் பொறுப்பு. அன்றைக்குக் குறிப்பு எழுதியது நான். குறிப்பு எழுதுபவர் நாயைப் பார்க்கக் கூடாது, நடுவர் கையைப் பார்க்க வேண்டும். கையை விரித்து உயர்த்தினால் பிழை, முஷ்டியாக உயர்த்தினால் மறுப்பு. இரண்டுக்கும் ஐந்து புள்ளிதான் என்றாலும் மறுப்பு மட்டும் மூன்றானால் நாய் வெளியே. ஒரு சின்ன நாட்டு நாய், பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி கூட ஓடுகிறாள். நாய் சீசாவில் ஏறாமல் நின்றது, பின்வாங்கியது, மறுபடி நின்றது. எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். மூன்றாவது முஷ்டியைப் பிழை என்று எழுதிவிட்டேன். புது நாய் என்பதால் நடுவர் விசில் ஊதாமல் ஓடி முடிக்க விட்டார், அதையும் நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். கூட்டிப் பார்த்தால் பதினைந்து புள்ளி, மூன்றாம் இடம். ரிப்பனும் கொடுத்துவிட்டோம். அரை மணி கழித்து நடுவர் தாளைப் பார்த்துச் சொன்னபோது, அந்தப் பிள்ளையிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. நாயின் கழுத்தில் கட்டியிருந்த ரிப்பனை மெதுவாக அவிழ்த்து, சுருக்கம் நீக்கி நீவி என் கையில் கொடுத்தாள். அவளிடமும் அவள் பெற்றோரிடமும் இந்தச் சபை முன்னால் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நடந்த மூன்று போட்டியிலும் இரண்டு பேர் தனித்தனியாக எழுதினோம். முடிவைக் கரும்பலகையில் எழுதிப் பதினைந்து நிமிடம் விட்டு, ஆட்சேபம் இல்லை என்றபின்தான் பரிசு கொடுத்தோம். இதை நிரந்தர விதியாக்கக் கேட்கிறேன்.

இனி தரவரிசைக்கு வருகிறேன். முறையே சரியில்லை என்று முதலில் சொன்னது இதைத்தான். ஒரு ஓட்டத்தின் பிழைக்கணக்குக்கு உலகம் முழுக்க எழுதி வைத்த விதி உண்டு. ஆண்டு முழுதும் சேர்த்துப் போடும் லீக் வரிசைக்கு அப்படி ஒரே விதி இல்லை, அந்தந்தச் சங்கம் தனக்கு வைத்துக்கொள்வது. அமெரிக்க கெனல் கிளப்பில் மேல்நிலை நாய்கள் குறித்த நேரத்துக்கு முன்னால் வந்த ஒவ்வொரு முழு நொடிக்கும் ஒரு புள்ளி சேர்த்துக்கொண்டே போகும். 750 புள்ளியும், ஒரே நாளில் இரண்டு ஓட்டத்திலும் சுத்தமாக வந்த நாள் இருபதும் சேர்ந்தால் சாம்பியன் பட்டம். அது நாயின் வாழ்நாள் கணக்கு, அவசரம் இல்லை. நம்முடையது ஓராண்டுக் கணக்கு. இதில் எண் கூடினால்தான் மேலே. முதலிடத்துக்கு 10, அப்புறம் 8, 6, 5, 4, 3, 2, 1 என்று கொடுத்து ஆறு போட்டியையும் கூட்டினோம்.

விளைவைப் பாருங்கள். நாய்களின் பெயரை மட்டும் சொல்கிறேன். வீரா நான்கு போட்டிக்கு வந்தது. 10, 10, 8, 10. மொத்தம் 38. செவலை ஆறுக்கும் வந்தது. 8, 6, 8, 6, 8, 6. மொத்தம் 42. செவலை ஒரு தடவைகூட முதலில் வரவில்லை, ஆனால் ஆண்டுக் கோப்பை செவலைக்கு. வீராவை வளர்ப்பவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்த போட்டிகளுக்குத் தவறாமல் வந்தார். கடல் திறந்தபின் இரண்டு போட்டி நடந்த அன்று அவர் கடலில் இருந்தார். நம் உறுப்பினர்களில் பாதிப் பேர் கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள். கரையில் வேலை பார்க்கிறவருக்கு மட்டும் கோப்பை கிடைக்கும்படி ஒரு கணக்கை நாம் வைத்திருக்கக் கூடாது.

செவலையை வளர்ப்பவர் என்னிடம் கேட்டது: "ஆறு நாளும் வேலையை விட்டுட்டு வந்தவனுக்கு மதிப்பே இல்லையா செயலாளரே?" அதிலும் நியாயம் இருக்கிறது. திடலில் கம்பு நட்டதும், பழைய வலையை இழுத்துக் கட்டி ஆடு நுழையாமல் காத்ததும் அவர்தான். இந்த ஆண்டுக் கோப்பை அறிவித்த விதிப்படி அவருக்குத்தான், அதில் மாற்றம் இல்லை.

அடுத்த ஆண்டுக்கு நான் வைக்கும் தீர்மானம் இது. ஆறு போட்டியில் சிறந்த நான்கை மட்டும் எடுத்துக் கூட்டுவது. அப்படிப் பார்த்தால் வீராவுக்கு 38, செவலைக்கு 30. இது நானாகக் கண்டுபிடித்த தந்திரம் அல்ல. எஃப்.சி.ஐ. உலகப் போட்டியிலேயே குழுவில் நான்கு நாய் ஓடினாலும் சிறந்த மூன்றைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். மொத்தம் சமமாக வந்தால் யார் அதிகப் போட்டிக்கு வந்தாரோ அவருக்கு முன்னிடம். ஆறுக்கும் வந்த நாய்க்குத் தனியாக ஒரு பரிசு, கோப்பையைவிடச் சின்னதாக இல்லாமல். தகுதிநீக்கம் ஆன நாய்க்கு அன்றைக்குப் பூஜ்யம், ஆனால் வந்ததாகக் கணக்கு. நான்கு உயரப் பிரிவுக்கும் தனித்தனி வரிசை. சிறிய பிரிவில் மூன்றே நாய் இருந்தாலும் தனி வரிசைதான், பெரியதோடு சேர்க்கக் கூடாது.

போட்டித் தேதிகளைக் குறிக்கும்போது மண்டபம், பாம்பன் பக்கத்து உறுப்பினர்களைக் கேட்டுவிட்டுக் குறிக்கலாம். நான்கு போட்டியைத் தடைக்காலத்திலும் அதை ஒட்டியும் வைத்தால் பெரும்பாலோருக்குத் தோதாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குத் திடல் நிற்காது, அந்த இரண்டு மாதம் வேண்டாம்.

சீசாவின் நடுக்கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிவிட்டது. பலகை சட்டென்று இறங்காததால்தான் பல நாய்கள் பயந்து நின்றன என்று இப்போது தெரிகிறது. பட்டறையில் கொடுத்திருக்கிறோம், வரும் ஞாயிறு கைக்கு வரும். முதல் பழக்கத்துக்கு அந்தப் பிள்ளையையும் அவள் நாயையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

தீர்மானங்களைச் சபையின் வாக்குக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்