'பெஸ்மியர்' என்றால் வெண்ணெய் தடவுவதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஆங்கிலச் சொற்கள் பகுதியில் 'பெஸ்மியர்' என்ற வினைச்சொல்லுக்குப் 'பூசு, தடவு' என்று பொருள் போட்டு, அம்மா ரொட்டியில் வெண்ணெய் தடவியதாக ஓர் எடுத்துக்காட்டும் தந்திருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

ரொட்டிக்கு 'ஸ்பிரெட்' போதும். 'பெஸ்மியர்' என்பது பிசுபிசுப்பான எதையாவது அப்பி ஒன்றை அசிங்கமாக்குவது. 1667இல் வெளிவந்த 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில், நரபலி ரத்தம் அப்பிய மோலோக் என்ற கொடூர தெய்வத்தை ஆங்கிலக் கவிஞர் மில்டன் இந்தச் சொல்லால்தான் காட்டுகிறார். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில், நன்றிகெட்டவன் என்ற கறை தன் மானத்தில் படியக்கூடாதென்றே மோதிரத்தைக் கொடுத்தேன் என்று பஸ்ஸானியோ சொல்லும்போதும் இதே சொல். இன்றைக்குப் பேச்சில் இது அரிது. அதையாவது ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

வாக்கிய அமைப்பும் தவறு. 'ஸ்மியர்' என்றால் வெண்ணெயைச் செயப்படுபொருளாக வைக்கலாம். முன்னால் 'பி' சேர்ந்துவிட்டால், எதன் மேல் பூசுகிறோமோ அதுதான் செயப்படுபொருள்; பூசும் பொருள் 'வித்' என்பதோடு பின்னால் போய்விடும். தமிழிலும் சாணத்தைப் பூசுகிறோம், தரையைச் சாணத்தால் மெழுகுகிறோம் அல்லவா? மொழியறிந்த தங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இது முதல் தடவையும் அல்ல. முன்பு 'டிஸ்கஸ்' என்று மட்டும் வரவேண்டிய இடத்தில் 'டிஸ்கஸ் அபவுட்' என்று அச்சிட்டீர்கள். எழுதினேன், பதில் இல்லை. அப்புறம் 'கோப் வித்' என்பதற்குப் பதில் 'கோப் அப் வித்' வந்தது. அதற்கும் எழுதினேன். குறுக்கெழுத்துப் புதிரின் விடை மாறியபோது மட்டும் அடுத்த இதழிலேயே திருத்தம் வந்தது.

நான் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகள் உங்கள் பகுதியை வெட்டி நோட்டில் ஒட்டி மனப்பாடம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் படித்ததைத் தேர்வில் எழுதி மதிப்பெண் இழந்த ஒரு மாணவி, "பத்திரிகையில இப்படித்தானே சார் இருந்துச்சு" என்று அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அச்சில் வந்ததைத் தப்பு என்று சொல்லி அவளை நம்பவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தப் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்குகிற பத்திரிகை ஐயா இது.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். இனி எடுத்துக்காட்டு வாக்கியங்களை நல்ல அகராதி ஒன்றில் சரிபார்த்த பிறகே அச்சுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
தஞ்சாவூர்.