மருத்துவர் பால் பிராண்டின் பட்டறை ஆண்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் சீரமைத்த முன்னோடி பால் பிராண்டைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அவர் 1946-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்ததிலிருந்து அது தொடங்குகிறது. அதற்கு முந்தைய 32 ஆண்டுகள் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகின்றன. தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சு கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், விடுபட்ட அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

பிராண்டு 1914-ல் எங்கள் மாவட்டத்துக் கொல்லிமலையில் பிறந்தார். கட்டடத் தொழில் அறிந்த ஆங்கிலேய மிஷனரியான தந்தை ஜெசி, ஓராண்டு மருத்துவப் பயிற்சியை மட்டும் வைத்துக்கொண்டு மலைமக்களின் சீழ்க்கட்டிகளைக் கீறியும், தோலுக்கடியில் வளரும் நரம்புச் சிலந்திப் புழுக்களை மெல்ல இழுத்தெடுத்தும் வைத்தியம் பார்த்தார். அருகில் நின்று பார்த்த சிறுவனுக்கு அருவருப்புத்தான் மிஞ்சியது. மருத்துவன் மட்டும் ஆகக் கூடாது என்று அவன் முடிவு செய்துகொண்டான். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட பிறகு தந்தையை அவன் மறுபடி பார்க்கவே இல்லை. 1929-ல் ஜெசி காய்ச்சலில் இறந்த செய்தி தந்தியில் வந்துசேர்ந்தது. அவர் முன்பே எழுதிக் கப்பலில் அனுப்பிய கடிதங்களோ அதற்குப் பின்னரும் மகன் கைக்கு வந்துகொண்டிருந்தன.

தந்தையைப் போலவே மலைக்குத் திரும்பி வீடுகள் கட்ட எண்ணிய பிராண்டு, பள்ளியை முடித்ததும் கட்டடத் தொழிலில் பயிற்சியாளராகச் சேர்ந்து, தச்சு வேலையும் கொத்து வேலையும் சில ஆண்டுகள் கற்றார். வாழ்க்கை வரலாறுகளை எழுதுவோர் பலரும் இந்த ஆண்டுகளை, அவர் வழிதவறி அலைந்த காலம்போலக் கடந்துவிடுகின்றனர். நான் அப்படி நினைக்கவில்லை. உளி மரத்தின் ஓட்டத்துக்கு எதிராகப் போகும்போது கைக்குத் தெரியும் அந்தச் சிறு தடையை எந்தப் பாடநூலும் கற்றுத் தராது. வெட்டுவதற்கு முன் இருமுறை அளந்து பார்க்கும் பொறுமையும் பட்டறையில்தான் பழகும்.

மருத்துவத்தின் பக்கம் அவரைத் திருப்பியது, மிஷனரிகளுக்கு அடிப்படை மருத்துவம் கற்பித்த லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு படித்தபோது ஒரு மருத்துவமனையில் கண்ட காட்சி. விபத்தில் இரத்தம் இழந்து, இறந்தவள்போல வெளிறிக் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு இரத்தம் ஏற்றியதும், அவள் முகத்தில் நிறம் திரும்பியதை அவர் கண்டார். அதன் பிறகு லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி மருத்துவமனையில், இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக் காலத்தில், அறுவை மருத்துவம் பயின்றார்.

வேலூருக்கு வந்த பின், செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில், விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையைப் பற்றி அழுத்தச் சொன்னார். வலி தாங்க முடியாத அளவுக்கு அந்தப் பிடி வலுவாக இருந்தது. செயலிழந்ததாக எல்லோரும் கைவிட்ட கைக்குள் நல்ல தசைகள் இன்னும் இருக்கின்றன என்பதை அவர் அந்தப் பிடியிலிருந்தே உணர்ந்தார். நலமாக உள்ள ஒரு தசையின் நாணை (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற திசுவை) இடம் மாற்றி, செயலிழந்த விரல்களோடு இணைத்து, அவற்றை மறுபடி இயங்கவைக்கும் அறுவை முறையைத் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அவர் கொண்டுவந்தது இதன் தொடர்ச்சியே. எந்த நாண் எவ்வளவு இழுக்கும், எந்தக் கோணத்தில் இழுக்கும் என்ற கணக்கைத் தச்சர் எவரும் உடனே புரிந்துகொள்வார்.

சிகிச்சை பெற்றவர்கள் பிழைப்புக்கு வழி தேட வேண்டும் என்று அவர் வேலூரில் அமைத்த நவஜீவ நிலையத்தில் தச்சுப் பட்டறையும் இருந்தது. அங்குதான், உணர்ச்சியற்ற கை சுத்தியல் பிடியை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்துப் புண்ணாவதை அவரால் அன்றாடம் காண முடிந்தது. விரல்களை அழிப்பதில் பெரும்பங்கு, வலி தெரியாததால் நேரும் இத்தகைய காயங்களுக்கே உண்டு என்ற அவருடைய முடிவு, உலகெங்கும் தொழுநோயாளிகளைப் பராமரிக்கும் முறையை மாற்றியது.

வேறு படிப்பு கிடைக்காததால் தொழிற்பயிற்சிக்கு வந்தோம் என்று தலைகுனிந்து நின்ற மாணவர்களை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். பிராண்டைப் பற்றி மீண்டும் எழுதும்போது, அவருடைய பட்டறை ஆண்டுகளுக்கும் உரிய இடம் ஒதுக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தச்சுப் பயிற்றுநர்,
நாமக்கல்